மூன்றாவது வருடத்தில் கால் ஏன் கனக்கிறது

2022 பெப்ரவரியில் இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகமான லீட்ஸ் யுனைட்டட் ஐந்து போட்டிகளில் 20 கோல்களை வாங்கியது. அஸ்டன் வில்லாவிடம் 3, எவர்ட்டனிடம் 3, மான்செஸ்டர் யுனைட்டட்டிடம் 4, லிவர்பூலிடம் 6, டொட்டன்ஹாமிடம் 4. கடைசிப் போட்டி முடிந்த மறுநாளே பயிற்றுவிப்பாளர் மார்செலோ பியெல்சா பதவி நீக்கப்பட்டார். அதற்கு முந்திய பருவத்தில் ஏறக்குறைய இதே ஆட்கள் இதே ஆட்டத்தை ஆடி, 16 வருடங்களுக்குப் பிறகு பிரீமியர் லீக்குக்குத் திரும்பிய கையோடு 59 புள்ளிகள் எடுத்து 9ஆம் இடத்தில் முடித்திருந்தார்கள்.

ஓடி ஓடிக் களைத்துப் போனார்கள் என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கொழும்பில் கொட்டாஞ்சேனையிலோ கொம்பனித்தெருவிலோ சனிக்கிழமை இரவு எட்டரை மணி ஆட்டத்துக்குக் கூடுகிறவர்களிடம் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். பியெல்சா, லிவர்பூலின் குளொப், டொட்டன்ஹாமின் பொஸ்டகொக்லு என்று இருந்த பயிற்றுவிப்பாளர்கள் எல்லாரையும் ஒன்றாகக் கட்டி, எதிரணியை ஓயாமல் துரத்தும் இந்த மாதிரி ஆட்டம் மூன்று வருடத்துக்கு மேல் தாங்காது என்று கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஒரே ஆட்கள், ஒரே ஆட்டத்தை, பந்து தங்கள் காலில் இருக்கும்போதும் இளைப்பாறத் தெரியாமல் வருடக்கணக்கில் ஆடினால் அது கெட்டுப்போகும். ஆட்களை மாற்றலாம், ஆட்டத்தை மாற்றலாம். இரண்டையும் மாற்ற மாட்டேன் என்று நிற்கிற பயிற்றுவிப்பாளருக்குத்தான் மூன்றாவது வருடம் ஆபத்து.

முதலில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிரெஸ் என்பது எதிரணியிடம் உள்ள பந்தை உடனே நெருக்கிப் பறிக்க அணியாக முயல்வது. பந்து வைத்திருப்பவனை நோக்கி ஒருவன் ஓடுவதுதான் அது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஓட்டம் 5 முதல் 15 மீற்றர்தான். பாரம் முழுவதும் புறப்படும்போதும் சடுதியாக நிற்கும்போதும் முன்தொடைக்கும் இடுப்பு மடிப்புக்கும் விழும். பிரெஸ் சரியாக வேலை செய்தால் ஆட்டம் அந்தக் குறுகிய ஓட்டங்களோடு முடியும். ஒருவன் ஒரு விநாடி பிந்திப் புறப்பட்டால்தான் சிக்கல். எதிரணி அந்த இடைவெளியால் பந்தை வெளியே எடுக்கிறது, மைதானத்தின் நடுவில் நிற்கும் பின்கள வீரர்கள் திரும்பித் தங்கள் கோலை நோக்கி 40 மீற்றர் முழு வேகத்தில் ஓட வேண்டியதாகிறது. ஹாம்ஸ்ட்ரிங் என்கிற பின்தொடைத் தசை பெரும்பாலும் கிழிவது இந்த நீண்ட ஓட்டத்தில்தான். கால் முன்னே வீசப்பட்டு நிலத்தைத் தொடப் போகும் அந்தக் கணத்தில் தசை நீண்டுகொண்டே இறுகுகிறது, அதன் மேல் விழும் இழுவை அப்போதுதான் உச்சம். ஆகவே களைத்த முன்கள வீரன் ஒருவன் பிந்துவதற்கான விலையைச் செலுத்துவது, 50 மீற்றர் பின்னால் நிற்கும் இன்னொருவனின் தொடை. காயப் பட்டியலில் பின்கள வீரர்களின் பெயர் வரிசையாக வந்தால் முன்வரிசையின் கால்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய உயர்மட்டக் கழகங்களில் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனமான யூஈஎஃப்ஏ நடத்திவரும் நீண்டகால ஆய்வின்படி, 2001–02 பருவத்தில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள் 2021–22இல் 24 சதவீதமாகின. எல்லா அணிகளும் இருபது வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட வேகமாக ஓடுகின்றன. தீவிர ஆட்டக்காரர்கள் அந்தக் கோட்டின் ஓரத்தில் நிற்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி பியெல்சா. அவருடைய முறை மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள் பிடிப்பது. பின்னால் ஒருவன் மட்டும் உபரி. மற்ற ஒவ்வொருவனும் தன் ஆள் போகும் இடமெல்லாம் போக வேண்டும். பயிற்சியில் நிறுத்தமே இல்லாத 11க்கு 11 ஆட்டம் ஒன்று உண்டு, ‘மர்டர்போல்’ என்று பெயர் பெற்றது. பந்து வெளியே போனால் அடுத்த கணமே இன்னொரு பந்து உள்ளே வரும். இந்த முறையில் ஒருவன் தோற்றால் அவனுக்கு உதவ வருபவன் தன் ஆளை விட்டுவிட்டு வர வேண்டும், அவனுடைய ஆளைப் பிடிக்க இன்னொருவன் வர வேண்டும். சீட்டுக்கட்டு சரிவதுபோல் சரியும். ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காத்து வலயமாக நிற்கும் அணியில் களைத்தவனை இடத்தில் நிற்க வைத்து மறைக்கலாம். இங்கே மறைக்க இடமில்லை.

அதோடு அவர் சிறிய அணியை விரும்புபவர். ஏறத்தாழ 18 மூத்த வீரர்கள், மிச்சத்துக்கு 23 வயதுக்குட்பட்டோர். 2021 டிசம்பர் 5ஆம் திகதி பிரென்ட்ஃபோர்டுடனான ஒரே போட்டியில் கல்வின் பிலிப்ஸும் லியாம் கூப்பரும் ஹாம்ஸ்ட்ரிங் காயத்தோடு வெளியேறினார்கள். பற்றிக் பாம்ஃபோர்டும் அந்தப் பருவத்தின் பெரும்பகுதி இல்லை. ஒன்பது நாள் கழித்து மான்செஸ்டர் சிட்டியிடம் 7–0 தோல்வி. மூவரும் அணியின் முதுகெலும்பு. அந்த இடங்களுக்கு அதே ஓட்டம் ஓடக்கூடிய மாற்று ஆள் இருக்கவில்லை, மாற்று ஆள் இல்லாதபோது குறைவாக ஓடுகிற மாற்றுத் திட்டமும் இருக்கவில்லை. அவர் முன்பு பயிற்றுவித்த ஸ்பெயினின் பில்பாவோவிலும் இதே வடிவம்தான். 2011–12இல் ஓல்ட் ட்ரஃபோர்டில் மான்செஸ்டர் யுனைட்டட்டை 3–2 என வென்ற அணி யூரோப்பா லீக் இறுதியையும் ஸ்பெயின் கிண்ண இறுதியையும் அடைந்து, இரண்டிலும் 3–0 எனத் தோற்று, லீக்கில் 10ஆம் இடத்தில் முடித்தது. பிரான்சின் மார்செயில் 2014–15 பருவத்தின் குளிர்கால இடைவேளைக்கு முதலிடத்தில் போன அணி கடைசியில் 4ஆவது. பியெல்சாவை நான் மிக மதிக்கிறேன். சாதாரண வீரர்களைத் தங்களுக்கே தெரியாத உயரத்துக்குக் கொண்டுபோனவர்களில் அவரைப்போல் சிலர்தான் உண்டு. ஆனாலும் பருவத்தின் கடைசி மூன்று மாதத்தை அவர் முதல் மூன்று மாதத்தைப்போலவே ஆட நினைத்தார் என்பதே என் குறை.

இதற்கு எதிர்ச்சாட்சி இத்தாலியக் கழகமான அட்டலாந்தா. அங்கே பயிற்றுவிப்பாளர் கஸ்பெரினியும் ஆளுக்கு ஆள்தான் பிடிக்க வைத்தார், அவருடைய பயிற்சியும் கடுமைக்குப் பெயர் போனது. ஆனால் 2016 முதல் 2025 வரை ஒன்பது பருவங்கள் நின்றார். 2019, 2020, 2021 மூன்று வருடமும் சீரி ஆ தொடரில் 3ஆம் இடம். எட்டாவது பருவத்தில், 2024 மே 22ஆம் திகதி டப்ளினில், லெவர்குசனை 3–0 என வீழ்த்தி யூரோப்பா லீக் கிண்ணம். மூன்று வருடக் கணக்கு இங்கே எப்படிப் பொய்த்தது? கழகம் விற்றுக்கொண்டே இருந்தது. கெசியும் கொன்டியும் 2017இல் மிலானுக்கு, கிறிஸ்டான்டே 2018இல் ரோமாவுக்கு, ஹொய்லுண்ட் 2023இல் மான்செஸ்டர் யுனைட்டட்டுக்கு, கூப்மைனர்ஸ் 2024இல் யுவென்டஸுக்கு. அணித்தலைவர் பாப்பு கோமஸ் பயிற்றுவிப்பாளரோடு முரண்பட்டு 2021 ஜனவரியில் செவியாவுக்குப் போனார், அந்தப் பருவமும் 3ஆம் இடம்தான். பணத்துக்காகச் செய்த விற்பனை கால்களைப் புதுப்பிக்கும் வேலையையும் செய்தது. பல வீரர்கள் அந்த ஆட்டத்தை அலுக்கும்வரை ஆடவில்லை. அதே குரலை ஆறாவது வருடமாகக் கேட்கிற காதுகளும் அந்த உடைமாற்றும் அறையில் குறைவாகவே இருந்தன. கால் களைப்பதைப்போலவே காதும் களைக்கும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

குளொப்பின் கதை இன்னும் சிக்கலானது. ஜேர்மனியின் டோர்ட்மண்டில் 2011, 2012 இரண்டு லீக் கிண்ணங்கள், 2013 சம்பியன்ஸ் லீக் இறுதி. ஏழாவது பருவத்தில், 2015 பெப்ரவரி 4ஆம் திகதி சொந்த மைதானத்தில் ஒக்ஸ்பேர்க்கிடம் தோற்று, பட்டியலில் கடைசி இடம். அங்கே ஆட்கள் மாறித்தான் இருந்தார்கள், கோட்சேயும் லெவன்டொவ்ஸ்கியும் பயர்னுக்குப் போய்விட்டார்கள். உலகக் கிண்ணம் வென்று பிந்தித் திரும்பிய ஆட்களும் காயங்களும் ஒரு பக்கம். ஆனால் பெரிய காரணம் எதிரணிகள் பாடம் கற்றது. பந்தைப் பின்னால் சுற்றாமல் நேரே உயர்த்தி அடித்தார்கள், பிறகு தங்கள் பெனால்டிப் பெட்டிக்குமுன் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். பந்தை டோர்ட்மண்டிடமே கொடுத்துவிட்டால் டோர்ட்மண்ட் யாரைப் பிரெஸ் செய்வது? அந்த அணிக்கு அதற்கு விடை இருக்கவில்லை. மே மாதம் 7ஆம் இடம்வரை மீண்டதும் விலகினார்.

லிவர்பூலுக்கு அவர் 2015 ஒக்டோபரில் வந்தார், பருவத்துக்கு முந்திய பயிற்சி இல்லாமல். இன்னொருவர் தயார்செய்த உடம்புகளிடம் தன் ஆட்டத்தைக் கேட்டார். ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள் வரிசையாக வந்தன, 2016 ஜனவரி 5ஆம் திகதி ஸ்டோக்கில் ஒரே போட்டியில் கொட்டின்யோவும் லொவ்ரெனும் போனார்கள். அடுத்த கோடையில் பயர்னிலிருந்து உடற்தகுதிக்கு அந்திரேயாஸ் கோர்ன்மையரையும் உணவுக்கு மோனா நெம்மரையும் கொண்டுவந்தது அதற்கான மருந்து. ஆட்டத்துக்கான மருந்து 2018இல் வந்தது: பின்கள வீரர் வன் டைக், கோல்காப்பாளர் அலிசன், மத்திய கள வீரர் ஃபபின்யோ. 2017–18இல் லீக்கில் 38 கோல் வாங்கிய அணி 2018–19இல் 22தான் வாங்கியது, புள்ளிகள் 75இலிருந்து 97ஆகின. அந்தப் பருவ ஆட்டங்களைத் திரும்பப் பார்த்தால் விளங்கும்: முன்னுக்கு வந்ததும் அணி பந்தைப் பின்னால் வைத்துச் சுற்றியது, 2–0 ஆனதும் ஓட்டத்தைக் குறைத்து நடந்தது. வெறித்தனமான அந்த முதல் லிவர்பூலை விரும்பியவர்களுக்கு இது சலிப்பாக இருந்திருக்கும். அடுத்த வருடம் 99 புள்ளிகளோடு லீக் கிண்ணம் வந்தது இந்தச் சலிப்பினால்தான்.

பிறகு 2021–22. ஆடக்கூடிய எல்லாப் போட்டிகளையும் ஆடினார்கள், மொத்தம் 63. அடுத்த பருவத்தில் 67 புள்ளிகள், 5ஆம் இடம். மத்திய களத்தில் ஹெண்டர்சனுக்கு 32 வயது, தியாகோவுக்கு 31, மில்னருக்கு 36. புதுப்பித்திருக்க வேண்டிய இடத்தை ஒரு வருடம் பிந்தியே தொட்டார்கள். 2023 கோடையில் மக் அலிஸ்டர், சொபொஸ்லாய், எண்டோ, கிராவன்பேர்க் வந்ததும் 82 புள்ளிகள். ஆனால் அதற்குள் பயிற்றுவிப்பாளருக்கே சக்தி தீர்ந்துவிட்டது, 2024 ஜனவரியில் அவரே அதைச் சொல்லி விலகலை அறிவித்தார். அதே அணியை எடுத்த ஆர்னே ஸ்லொட், வேகத்தைக் கொஞ்சம் இறக்கி, பந்தைக் கூடுதலாக வைத்து, முதல் வருடமே நான்கு போட்டிகள் மிச்சமிருக்க லீக்கை வென்றார்.

பொஸ்டகொக்லுவின் டொட்டன்ஹாம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அங்கே மூன்றாவது வருடமே வரவில்லை. 2023இல் முதல் 10 லீக் போட்டிகளில் 26 புள்ளிகள். நவம்பர் 6ஆம் திகதி செல்சியிடம் 4–1 தோல்வியில் பின்கள வீரர் வன் டி வென் ஹாம்ஸ்ட்ரிங்கைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். 2024 டிசம்பர் 8ஆம் திகதி மறுபடியும் செல்சி. காயத்திலிருந்து திரும்பிய ரொமேரோவும் வன் டி வென்னும் அதே போட்டியில் மறுபடி காயப்பட்டார்கள். அந்தப் பருவம் லீக்கில் 22 தோல்வி, 17ஆம் இடம். பில்பாவோவில் யூரோப்பா லீக் கிண்ணத்தை 1–0 என வென்ற இறுதிப் போட்டியில் அவர்கள் ஆடியது அவருடைய வழக்கமான ஆட்டமே இல்லை. பின்னால் இறங்கி, நெருங்கி நின்று காத்தார்கள். இறங்கி ஆடத் தெரிந்த அணிதான் அது. டிசம்பரிலேயே அதைச் செய்யச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் மனம் ஆறாத விஷயம்.

கொழும்பில் இதையெல்லாம் ஏன் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்றால், இங்கே பாடசாலை அணிகளிலும் கழகங்களிலும் இளம் பயிற்றுவிப்பாளர்கள் இதைப் பார்த்துத்தான் தங்கள் அணிகளுக்குக் கற்பிக்கிறார்கள். ரட்ணம், சோண்டர்ஸ், ரினௌன், ஜாவா லேன் போன்ற பழைய கழகங்கள் உள்ள நகரம் இது, ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் வேலை முடிந்து பயிற்சிக்கு வருகிற 25 வயதுக்காரனிடமோ, ரியூஷனுக்கும் மைதானத்துக்கும் இடையில் ஓடுகிற 17 வயதுப் பையனிடமோ, 31 பாகை வெயிலில் 90 நிமிட பிரெஸ் கேட்பது மேலே சொன்ன எல்லாத் தவறையும் ஒரே மாதத்தில் செய்வதற்குச் சமம். இங்கே ஈரப்பதன் அதிகம், வியர்வை உலராமல் வழிகிறது, வழிந்த வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஃபிஃபா போட்டிகளில் வெப்பம், ஈரப்பதன், வெயில் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை 32 பாகையைத் தாண்டினால் குளிர்விப்பு இடைவேளை கொடுக்கிறார்கள். பிற்பகல் மூன்றரை மணிக்கு நாம் எதையும் அளப்பதில்லை.

செய்யக்கூடியது இதுதான். பிரெஸ்ஸைப் பங்கிட்டுக் கொடுங்கள். முதல் 15 நிமிடம் முழு பிரெஸ், பிறகு முன்கள வீரன் நடுவட்டத்தின் விளிம்பில் நிற்க அணி முழுவதும் இறங்கிவிடும், இரண்டாம் பாதியின் முதல் 10 நிமிடம் மறுபடி முழு பிரெஸ். கடைசி 15 நிமிடம் புதிதாக இறக்கியவர்களின் கால்களைப் பொறுத்தது. மற்ற நேரத்தில் நான்கு சந்தர்ப்பங்களில் மட்டும் பாய வேண்டும்: எதிரணி பந்தைப் பின்னால் கொடுக்கும்போது, முதல் தொடுகை காலை விட்டு விலகும்போது, ஓரக்கோட்டருகே பந்தெடுப்பவன் மைதானத்துக்கு முதுகு காட்டி நிற்கும்போது, பந்து உயர்ந்து வந்து குதிக்கும்போது. பந்தை இழந்ததும் ஐந்து எண்ணுங்கள், பயிற்சியில் வாய்விட்டே எண்ண வையுங்கள். ஐந்துக்குள் எடுக்காவிட்டால் எல்லாரும் இறங்க வேண்டும். ஒருவன் மட்டும் ஆறாவது விநாடியும் துரத்தினால் அவனைப் பாராட்டாதீர்கள். அவனால்தான் நடுவில் ஓட்டை விழுகிறது. பந்தைப் பறித்ததும் முன்னால் வழி இல்லையென்றால் பின்னால் திருப்பி எட்டுப் பத்து பாஸ் வைத்திருக்கப் பழக்குங்கள், இளைப்பாறும் நேரம் அதுதான்.

பயிற்சியில் நடக்கும் பெரிய பிழை, 25க்கு 30 மீற்றர் கட்டத்தில் 4க்கு 4 ஆட்டத்தை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வது. மூச்சு வாங்கும், வியர்க்கும், எல்லாம் சரியாக நடப்பதுபோல் தெரியும். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் எவனும் தன் முழு வேகத்தை எட்டுவதில்லை. பிறகு போட்டியில் முதல் முறையாக எட்டும்போது தொடை கிழிகிறது. வாரத்தில் ஒரு நாளாவது, போட்டிக்கு முந்திய நாளாக இல்லாமல், நன்றாக உடம்பு சூடேற்றிய பிறகு 30–40 மீற்றர் ஓட்டம் மூன்று அல்லது நான்கு, முழு வேகத்தின் 95 சதவீதத்தில் ஓட விடுங்கள். இடையில் 2–3 நிமிடம் நடக்கட்டும்.

அதோடு பின்தொடையைப் பலப்படுத்தும் நோர்டிக் பயிற்சி. முழங்காலில் நின்று, கணுக்காலை இன்னொருவன் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னே சாய்வது. முதல் வாரம் ஒரு நாள், 5 முறையாக 2 சுற்று. இரண்டாம் வாரம் இரு நாள், 6 முறையாக 2 சுற்று. மூன்றாம் வாரம் மூன்று நாள், 6–8 முறையாக 3 சுற்று. தொடக்கத்திலேயே அதிகம் கொடுத்தால் நான்கு நாள் தொடை வலித்து, பையன்கள் அதை வெறுத்து விட்டுவிடுவார்கள். இந்தப் பயிற்சி தோற்கும் இடம் பெரும்பாலும் அதுதான். பருவம் தொடங்கிய பின் வாரம் ஒரு நாள் போதும், பயிற்சியின் முடிவில்.

ஓட்டத்தை அளக்கும் ஜீபிஎஸ் மேலங்கி வாங்கக் காசில்லை என்பது பரவாயில்லை. பயிற்சி முடிந்து அரை மணியில் ஒவ்வொருவனிடமும் எவ்வளவு கடினம் என்று 10க்கு ஒரு எண் கேளுங்கள், அதை நிமிடங்களால் பெருக்குங்கள். செவ்வாய் 75 நிமிடம் × 7 = 525, வியாழன் 60 × 5 = 300, போட்டி 90 × 9 = 810, வாரம் 1635. ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். ஒரே வாரத்தில் இந்தத் தொகை கால் பங்கு ஏறினாலோ, அதே பயிற்சிக்குப் போன வாரம் 6 சொன்னவன் இந்த வாரம் 8 சொன்னாலோ, அடுத்த போட்டியில் அவனை 60 நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

தண்ணீருக்குத் தராசு போதும். முன்னும் பின்னும் நிறுங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஒரு லீற்றர் போயிருக்கிறது. 60 கிலோப் பையன் 1.2 கிலோவுக்கு மேல் இழக்கக் கூடாது, அது 2 சதவீதம். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லீற்றர் வரை மெதுவாகத் திருப்பிக் குடிக்க வேண்டும். செவ்விளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. உப்பும் வேண்டும், ஒரு லீற்றருக்கு ஒரு ஜீவனி நீரேற்று உப்புப் பக்கெட் கரைத்தாலே வேலை முடியும். ஆட்டம் முடிந்து முதல் மணித்தியாலத்துக்குள் இரண்டு வாழைப்பழம், வீட்டுக்குப் போனதும் சோறு, பருப்பு, முட்டை. தசையில் தீர்ந்துபோன மாச்சத்து முழுதாக நிரம்ப இரண்டு நாளுக்கு மேல் ஆகலாம். அதனால் ஞாயிறு ஆடிய அணியைத் திங்கள் பிரெஸ் பயிற்சிக்கு அழைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. சில நாட்களுக்குள் பல போட்டிகள் வரும் விலகல் முறைச் சுற்றுகளில், முதலில் ஓய்வு கொடுக்க வேண்டியது இரு ஓர வீரர்களுக்கு. அதிவேக ஓட்டம் அதிகம் விழுவது அவர்கள் மேல்தான், நடுவில் நிற்கும் முன்கள வீரன் இன்னொரு ஆட்டம் தாங்குவான்.

இரவு ஒன்றரை மணிக்குச் சம்பியன்ஸ் லீக் பார்க்கிறவர்கள் 60 முதல் 75 நிமிடம் வரை பந்தை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள். எதிரணிக் கோல்காப்பாளரிடம் பந்து இருக்கும்போது, பிரெஸ் செய்யும் அணியின் முன்கள வீரனுக்கும் கடைசிப் பின்கள வீரனுக்கும் இடையில் எவ்வளவு தூரம்? 25–30 மீற்றர் என்றால் கால்களில் இன்னும் பலம் இருக்கிறது. முன்னுக்கு நிற்பவன் பாய, பின்னுக்கு நிற்பவன் ஏறாமல் 45 மீற்றர் ஆகிவிட்டதென்றால், பின்கள வீரன் தன் தொடையைப் பற்றி முடிவெடுத்துவிட்டான். பயிற்றுவிப்பாளர் அதை எப்போது கவனிக்கிறார் என்று பாருங்கள்.